மும்முனை வரும் நேரம்

அறுபத்திரண்டு கிலோ.
கோயமுத்தூரில் வார்த்தது, லாரியில் வந்தது.
வலங்கைமான் முக்கில் இறக்கும்போதே
ஸ்டீல்தானே என்று மூன்று தடவை கேட்டேன்.
ஸ்டீல்தான்.
ஆனால் முதல் அடியிலேயே சுத்தியல் பதிந்தது
மழை விட்ட வரப்பில் கொக்கு நடந்த மாதிரி.

பேரிங் குண்டை ஒரு முழம் மேலிருந்து விட்டால்
நாலு விரல் எழும்பிப் படுத்துக்கொண்டது.
நல்ல பட்டடைக்கல் குண்டைத் திருப்பிக் கையில் கொடுக்கும்.
இது வைத்துக்கொண்டது,
கைமாற்று வாங்கியவன் மாதிரி.

குறுவை அறுப்புக்குள்
மிஷின் கத்தி அத்தனையும் நிமிர்த்தியாக வேண்டும்.

சித்திரையில் ஒரு தரம் முயன்றேன்.
எண்ணெய் பீப்பாயை அறுத்து, உள்ளே
களிமண்ணும் உமிச்சாம்பலும் பிசைந்து அப்பி,
சவுக்குக் கரி மூன்று மூட்டை.
கல் பழுத்ததும் மாட்டுத் தொட்டியில் இறக்கினேன்.
தொட்டி கொதித்தது. கல் ஆறியது. அவ்வளவுதான்.
அரம் வைத்தால் அப்போதும் பொடி உதிர்ந்தது.

பிறகுதான் விளங்கிற்று:
பழுத்த இரும்பு தண்ணீரைத் தொடுவதே இல்லை.
நடுவில் ஆவியால் ஒரு பாய் விரித்து
அதன்மேல் சாவகாசமாய்ப் படுத்து ஆறுகிறது.
பாயை உருவ வேண்டும்.
நிற்கிற தண்ணீருக்கு அந்தத் தைரியம் கிடையாது.

ஓங்கி அறைகிற தண்ணீர்
எங்கள் கொல்லையில் போர்செட்டில்தான் உண்டு,
அதுவும் மும்முனை வந்தால்.

மச்சான் கலியமூர்த்தி லைன்மேன்.
"இந்த வாரம் ராத்திரி பதினொன்றரை.
சத்தியமெல்லாம் கேட்காதே" என்றார்.

ஏழு மணிக்கு மூட்டினோம்.
வேதவல்லி புளோயரைப் பிடித்துக்கொண்டாள்.
உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பெயர்த்த காந்தத்தைக்
கம்பியில் கட்டி நீட்டினேன்.
பத்து மணிக்கு ஒட்டியது.
பதினொன்றுக்கு, அரை மனதாய்.
பதினொன்றே காலுக்கு
கல் காந்தத்தை அடையாளம் தெரியாதவனைப் போலப் பார்த்தது.

பதினொன்றரை. ஸ்டார்ட்டரில் விளக்கு எரியவில்லை.
பன்னிரண்டு.
கரி போட்டால் சூடு ஏறும்; ஏறினால்
இரும்பின் உள்மணி பருத்துப் பொரியரிசியாய் உடையும்.
போடாவிட்டால் இறங்கும்.
புளோயரை நிறுத்து, போடு, நிறுத்து என்றேன்.
"ஒன்று சொல்லு" என்றாள் வேதவல்லி.
மச்சானுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை.
தவளைகள் மட்டும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன.

பன்னிரண்டு இருபதுக்கு
மோட்டார் கொட்டகையில் பச்சை விளக்கு.

செயின் பிளாக்கில் கல் எழும்பியது,
அந்தக் கொல்லையில் அதுவரை எதுவும்
அந்த நிறத்தில் இருந்ததில்லை.
முகம் வானம் பார்க்கக் குழாய்க்கு அடியில் நிறுத்தினோம்.
தண்ணீர் விழுந்தது.
விழுந்த தண்ணீர் கத்தியது,
எங்களுக்கு நடுவே வெள்ளையாய் ஒன்று எழுந்து
வேதவல்லியை மறைத்தது.
அந்த இரைச்சலுக்குள் ஒரு "டிக்".
மூன்று பேருக்கும் கேட்டது.
யாரும் பேசவில்லை.

முகம் கறுத்ததும் இழுத்து வெளியே வைத்து
செங்கல் துண்டால் தேய்த்து வெள்ளை பார்த்தேன்.
வயிற்றில் மிச்சமிருந்த சூடு மெதுவாய் மேலே வந்தது.
டார்ச் வெளிச்சத்தில் முகத்தோரம் மஞ்சள் படர்ந்தது,
போன வருஷத்து வைக்கோல்,
பிறகு இந்த வருஷத்து வைக்கோல்.
கத்தரிப்பூவாக விடக்கூடாது.
"இப்போ" என்றேன். மறுபடி தண்ணீர்.

விடிந்து பார்த்தால் பின்மூலையில்
தலைமயிர் கனத்தில் ஒரு கீறல், இரண்டங்குலம்.
சாக்பீஸால் வட்டம் போட்டேன்: இங்கே அடிக்காதே.
மற்ற இடத்தில் குண்டை விட்டேன்.
சாண் தாண்டி எழுந்து என் உள்ளங்கையைக் குத்தியது.
பத்து தடவை விட்டேன். வேதவல்லி ஏழு தடவை.

அப்போதுதான் சாரநாதன் வரப்பேறி வந்தார்.
"ராத்திரி யார் மோட்டார் போட்டது?
என் நாற்றங்காலில் ரெண்டு விரல் தண்ணி நிக்குது."
வெந்நீர் போயிருக்குமோ என்று எனக்கு வயிறு கலங்கியது.
அவர் பீப்பாயைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்,
சாக்பீஸ் வட்டத்தைக் கால் விரலால் தொட்டார்.

"இன்னொரு கல்லு இருந்தா
நாளைக்கும் சுடுங்க."